மர ஆலைக்கு இந்தப் பக்கம்

லா ஷப்பல், பாரிஸ்
6 ஜனவரி 2025

மதிப்புக்குரிய சம்பந்தி சுப்ராயன் அவர்களுக்கு,

தவரத்தினம் எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். உறையில் உள்ள உங்கள் பெயரையும் நானே எழுதினேன். இரண்டு உறைகள் பழுதாகின. மூன்றாவதில் சரி வந்தது.

இதுவரை இங்கிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் என் மனுசி கோசலைதான் எழுதினாள். நான் சொன்னதைத்தான் எழுதினாள் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். இப்போது எனக்கு வாசிக்க வந்துவிட்டதல்லவா? தீபாவளிக்கு உங்களுக்கு எழுதி, தபாலில் போட மறந்த கடிதம் ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். "அந்த மனுசன் படம் அனுப்பி அனுப்பி என்ரை வயித்தெரிச்சலைக் கிளப்புறார்" என்று நான் சொல்லியிருந்தேன். "நீங்கள் அனுப்பும் படங்களைக் கண்டு இவர் பெருமகிழ்ச்சி அடைகிறார்" என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். ஏனடி இப்படி எழுதினாய் என்று கேட்டால், "சம்பந்தியாருக்கு அப்பிடித்தான் எழுதோணும்" என்கிறாள்.

ஆகவே இனி உங்களுக்கு நானே எழுதப் போகிறேன்.

சிறு வயதில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பாரிஸில் வாழ்நாளெல்லாம் உணவகச் சமையலறையில் நின்றேன். அங்கே மூக்கும் கையும் போதும். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தெருவில் சங்கம் நடத்துகிற பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். அஜந்தா என்று ஒரு பிள்ளை படிப்பிக்கிறாள். என் மகளைவிட வயது குறைவு. "ஐயா, கொப்பி கிழியப் போகுது, மெல்ல எழுதுங்கோ" என்பாள். இப்போது கடைப் பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டு நடக்கிறேன். புடவைக் கடை, நகைக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் என்னோடு பேசுகின்றன. கோசலை கையைப் பிடித்து இழுக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் என் மகள் தர்மிளா பனிச்சறுக்குக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு உங்கள் மொந்தவேர் ஊரில் விமானத்தை இறக்குகிறாள். நீங்கள் பால்கனியில் நின்று பார்க்கிறீர்கள். படம் எடுத்து அனுப்புகிறீர்கள். படத்தின் கீழே "நம்ம பொண்ணு" என்று போடுகிறீர்கள். மாக்சிம் அவளைக் கட்டியதால் அவள் உங்களுக்கு மருமகள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றவன் நான். எங்கள் வீட்டுக்கு மாதத்தில் ஒரு தடவைதான் வருகிறாள். வந்தாலும் சோபாவில் சாய்ந்து நித்திரையாகிவிடுகிறாள். அவள் தூங்குவதைத்தான் நான் பார்க்கிறேன். அவள் பறப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். இது நியாயமா?

அவள் எப்படி இறக்குகிறாள் என்று விவரமாக எழுதுங்கள். படம் வேண்டாம். எழுத்தில் வேண்டும். "நம்ம பொண்ணு" என்ற சொல்லும் வேண்டாம்.

தவரத்தினம்


மொந்தவேர்
14 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

தபால் இலாகாவில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ரிடையர் ஆனவன் நான். எத்தனையோ உறைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் உறையில் தபால்தலை நின்ற நேர்த்தி இருக்கிறதே, அதை என் மனைவி சுசானிடமும் காட்டினேன். "ஒட்டின கையில கோவம் தெரியுது" என்றாள்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் ஏரி. விமான நிலையம் என்று பெயர், ஆனால் ஓடுபாதை குட்டை. அதன் கோடியில் பாறைச் சுவர் எழுந்து நிற்கிறது. பெரிய விமானங்கள் ஏரிப் பக்கமாக மட்டுமே வர முடியும். இந்த ஊருக்கென்று தனிப் பயிற்சி எடுத்த விமானிகளைத்தான் இறக்க விடுவார்கள். எந்த விமானியும் நினைத்தால் வந்துவிட முடியாது.

ஏரியைத் தாண்டியதும் ஒரு மர ஆலை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. விமானம் ஆலையை எட்டுவதற்கு முன்னால் மனசு மாறினால், மேலே தூக்கி ஏரிப் பக்கம் திரும்பிவிடலாம். ஆலையைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். திரும்புவதற்கு மலை இடம் விடாது. இதை எனக்கு எங்கள் பாப்பாதான் சொன்னாள். (மன்னிக்கவும். உங்கள் பாப்பா.)

சனிக்கிழமை காலையில் நான் பால்கனியில் நிற்பதில்லை. விமான நிலைய வேலிக்கே போய்விடுவேன். ஏரிக்கு மேலே முதலில் இரண்டு விளக்குகள் தெரியும். சத்தம் வராது. விளக்குகள் அசையாமல் பெரிதாகிக்கொண்டே வரும். ஆலையைத் தாண்டும். அப்புறம் சக்கரம் தரையில் பட்டுப் புகை எழும். விமானம் தாவாது, குதிக்காது, பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நீளத்தை வீணாக்கினால் பாறைதான். மற்ற விமானிகள் இறக்கும்போது நான் பிரேக் சத்தத்தைக் கேட்கிறேன். இவள் இறக்கும்போது கதவை மெல்லச் சாத்துவதுபோல் இருக்கும்.

சுசான் வடகம் தாளித்த மீன் குழம்பும் சோறும் டப்பாவில் கொடுத்து அனுப்புவாள். அங்கே வேலை செய்பவர் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பிப் புறப்படுவதற்குள் பாப்பா சாப்பிட்டுவிடுவாள். அவளுடைய துணை விமானி லூடோவிக் ஆரம்பத்தில் மூக்கைப் பொத்தினானாம். இப்போது அவனுக்கும் ஒரு டப்பா போகிறது.

ரயிலேறி வாருங்கள். வேலியில் இருவரும் சேர்ந்து நிற்போம்.

அன்புடன்,
சுப்ராயன்


லா ஷப்பல், பாரிஸ்
25 ஜனவரி 2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசிக்க எனக்கு ஒரு முழுக் காலையும் ஆனது. வாசித்து முடித்ததும் கோசலையிடம் கேட்டேன், "மீன் குழம்பாம். இவள் மீன் குழம்பு தின்னுறவளே?"

இங்கே வந்தால், "அப்பா, மணக்குது" என்று ஜன்னலைத் திறப்பவள் அவள். என் கையால் சமைத்த கணவாய் மீன் கறியை ஓரத்தில் தள்ளி வைப்பவள். அங்கே மலை அடிவாரத்தில், விமானத்துக்குள் இருந்து மீன் குழம்பு சாப்பிடுகிறாளாம்!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன புதன்கிழமை நடந்ததைக் கேளுங்கள். கீழே கரிகாலனின் கடைக்குப் போனேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். உங்கள் சுசானின் ஒன்றுவிட்ட தங்கை பேர்ளி சார்செலிலிருந்து சாமான் வாங்க வந்திருந்தாள். கரிகாலன் வழக்கம்போல என்னைச் சீண்டினான்.

"என்ன அண்ணை, மகள் மலையிலை பிளேன் இறக்கிறாள் எண்டு ஊரெல்லாம் சொல்லுறியள். நீங்கள் இங்கை பக்கத்திலை இருக்கிற செவ்ரானுக்கே ரயில்லைதானே போறியள்? ஒருக்காலும் மகளின்ரை பிளேனிலை ஏறினதில்லையே?"

நான் பதில் சொல்வதற்குள் பேர்ளி, "சுப்ராயன் அத்தான் போன வருஷமே ஏறிட்டாரே! பாரிஸ்ல செக்கப்புக்கு வந்துட்டு, திரும்பும்போது அவ பிளேன்லதான் போனாரு. ரொம்ப சொகுசா இருந்திச்சின்னு சொன்னாரு" என்றாள்.

கரிகாலன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசைப் பார்த்தான். நான் கத்தரிக்காயை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சம்பந்தி, நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, நான் உன்ரை பிளேனிலை மொந்தவேருக்கு வரட்டே?"

"வேண்டாம் அப்பா."

"ஏன்?"

"இப்ப வேண்டாம். ரயில்லை போங்கோ. மாமா கூட்டிக்கொண்டு போவார்."

"மாமா ஏறினவராமே!"

பக்கத்தில் நின்ற மாக்சிமிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு, "அப்பா, அது வேறை" என்றாள்.

என்ன வேறு? நீங்கள் கோட்டுப் போட்டு வந்து பிரெஞ்சில் பேசுவீர்கள். நான் வந்தால் அவளுக்கு வெட்கமா? பாத்திரம் கழுவித் தொடங்கிய கைகள் என்பதாலா? கோசலை, "உங்களுக்கு எழுத்து வந்ததும் வந்தது, சண்டைக்கு ஆள் தேடுறியள்" என்கிறாள். தேடவில்லை. ஆள் தானாகக் கிடைத்திருக்கிறார்.

ரயிலில் வந்து வேலிக்கு வெளியே நிற்க மாட்டேன். அவளுடைய விமானத்தில்தான் வருவேன்.

தவரத்தினம்


மொந்தவேர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஆமாம், ஏறினேன். சொல்லாதது தப்புதான். உங்கள் மனசு நோகும் என்று சொல்லவில்லை. கொஞ்சம், எனக்கு மட்டும் என்று ஒன்று இருக்கட்டுமே என்றும் சொல்லவில்லை.

அவள் உங்களை வேண்டாம் என்றதற்கு வெட்கம் காரணம் இல்லை. அந்தக் காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் என்னை ஏற்றும்போது அவளே சொன்னாள். ஆனால் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான், நான் அல்ல. ஒன்று மட்டும் எழுதுகிறேன்: அந்தக் காரணத்தைக் கேட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நான் சந்தோஷப்படவில்லை.

பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பிப்ரவரி மாதம் இங்கே காற்று சரியில்லை. மலை இடுக்கிலிருந்து திடீரென்று இறங்கி ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும். ரயில் டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன்.

சுப்ராயன்


லா ஷப்பல், பாரிஸ்
11 பெப்ரவரி 2025

சம்பந்தி அவர்களுக்கு,

டிக்கெட் நானே எடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் உள்ள பயண முகவரிடம் போய், பெயரைக் கேட்டபோது நானே எழுதிக் கொடுத்தேன். இந்தச் சனிக்கிழமை, பதினைந்தாம் திகதி. தர்மிளாதான் ஓட்டுகிறாள் என்று மாக்சிம் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அவளுக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் எனக்குச் சொல்லாமல் இருந்தது போல, அவளுக்கும் சொல்லாமல் இருங்கள்.

வேலியில் நில்லுங்கள். இந்த முறை நான் உள்ளே இருப்பேன், நீங்கள் வெளியே நிற்பீர்கள். ஜன்னலால் கை காட்டுவேன். சுசானை மூன்று டப்பா கட்டச் சொல்லுங்கள்.

தவரத்தினம்


மொந்தவேர்
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

சம்பந்தி,

நேற்று மத்தியானம் பாப்பா ஒரு வரி அனுப்பினாள்: "ரெண்டு பேரும் சுகம் மாமா. லியோனிலை இறங்கிட்டம்." அதற்குப் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் நீங்கள் ஃபோன் எடுக்கவில்லை. கோசலை அம்மா எடுத்து, "வந்திட்டார். சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்" என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி வேலியில் நின்றேன். மூன்று டப்பாவும் இருந்தது. காலையில் வெயில் அடித்தது. பிறகு மலை இடுக்கிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்தது. ஓடுபாதைப் பக்கத்தில் காற்றின் திசை காட்டக் கட்டியிருக்கும் துணிப்பை ஒரு பக்கம் நீட்டி நின்றது, உடனே மறுபக்கம் திரும்பியது. ஏரிக்கு மேலே இரண்டு விளக்குகள் தெரிந்தன. அசையாமல் வரும் விளக்குகள் நேற்று அசைந்தன. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலையைத் தாண்டாமல் ஏரிக்கு இந்தப் பக்கமே, ஆலைக் கூரையில் கிடந்த பனி தூள் பறக்கும் அளவுக்குக் கிட்டே வந்ததும், மூக்கு மேலே எழுந்தது. அப்போதுதான் சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. விமானத்தின் வயிறு என் கண்ணுக்கு எதிரே திரும்பி ஏரிப் பக்கம் போய் மேகத்துக்குள் மறைந்தது. உங்கள் ஜன்னல் எது என்று தேடினேன். தெரியவில்லை. டப்பாக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுசான் அவற்றைத் திறக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அந்தக் காரணத்தை அவள் இனியும் சொல்லாமல் இருப்பாளானால் உங்களுக்கு அநியாயம். சொல்லியிருந்தால் இது வீண். எப்படியானாலும் எழுதுகிறேன். போன வருஷம் என்னை ஏற்றும்போது நான் கேட்டேன், "முதல்ல உங்க அப்பாவ ஏத்தியிருக்கலாமேம்மா?" அவள் சொன்னது: "நீங்கள் பின்னாலை இருந்தாலும் இல்லாட்டிலும் எனக்கு ஒண்டுதான் மாமா. அப்பா இருந்தால், எப்பிடியும் இறக்கிக் காட்டோணும் எண்டு ஆசை வந்திடும். அந்த ஆசை மொந்தவேரிலை கூடாது."

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். ஆனால் நான் இத்தனை சனிக்கிழமை வேலியில் நின்றவன். நான் நிற்பதால் அவள் கை ஒரு நூல்கூட அசையாது என்று தெரிந்த அன்று எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொறாமை உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை, சம்பந்தி.

ஃபோனை எடுங்கள்.

சுப்ராயன்


லா ஷப்பல், பாரிஸ்
27 பெப்ரவரி 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

தொலைபேசி எடுக்காததற்குக் குறை நினைக்க வேண்டாம். இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பத்து நாட்களாக எழுதுகிறேன். இது ஒரு நாளில் எழுதி முடிகிற கடிதம் இல்லை.

நீங்கள் நினைத்தது பிழை. நான் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். நானேதான் சொன்னேன்.

விமானம் மேலே போய்ச் சீராகப் பறந்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கையில் பேனை இருந்தது. எழுத்தும் இருந்தது. தேநீரோடு கை துடைக்கத் தந்த கடதாசித் துவாயில் எழுதினேன்: "பிள்ளை, அப்பா பின்னால் இருக்கிறேன். வடிவாய் இறக்கு." ஜெனவியேவ் என்ற பணிப்பெண்ணிடம் கொடுத்து, முன்னால் காட்டினேன். அவள் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டு கொண்டுபோனாள். உலகத்திலேயே பெரிய காரியம் செய்தவன் போல நான் சாய்ந்து இருந்தேன். நீங்கள் ஏறியபோது இப்படி எழுதிக் கொடுத்திருப்பீர்களா என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

பிறகு ஏரி வந்தது. இரண்டு பக்கமும் மலை ஜன்னலுக்குக் கிட்ட வந்தது. விமானம் ஆடியது. முன் இருக்கையில் இருந்த பெண் தன் புருசனின் கையைப் பிடித்தாள். நான் உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டு மர ஆலையைத் தேடினேன். ஆலையின் கூரை தெரிந்தது. அடுக்கி வைத்த மரக்குற்றிகளும் தெரிந்தன. இதோ, இறக்கப் போகிறாள், வேலியில் சுப்ராயன் நிற்கிறார், கை காட்ட வேண்டும் என்று கையைத் தூக்கினேன். அந்த நேரம்தான் முதுகை இருக்கை இடித்தது. நிலம் கீழே போய்விட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் வந்தது. பிரெஞ்சில் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, சம்பந்தி, தமிழில் சொன்னாள். "அப்பா, லியோனிலை இறங்கப் போறம். எழும்பாமல் இருங்கோ."

அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது. முன் இருக்கைப் பெண், இது என்ன மொழி என்று புருசனிடம் கேட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தேன்.

லியோனில் எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் இறங்கவில்லை. அவள் வந்து பக்கத்து இருக்கையில் இருந்தாள். அந்தக் கடதாசித் துவாய் அவள் கையில் இருந்தது. ஏசப் போகிறாள் என்று பார்த்தேன்.

"அப்பா, நீங்கள் எனக்கு எழுதின முதல் கடிதம் இது."

"ஓம்."

"முதல் கடிதத்திலை கேட்டதை நான் செய்யேல்லை."

பிறகுதான், நீங்கள் எழுதிய அதே காரணத்தைச் சொன்னாள். கடதாசியை வாசித்ததும் லூடோவிக்கிடம் சொன்னாளாம், என் அப்பா பின்னால் இருக்கிறார், நான் பிடிவாதமாக இறக்கப் பார்த்தால் நீ உடனே மேலே போகச் சொல்லு, யோசிக்காதே என்று. லூடோவிக்கும் பின்னால் வந்து நின்றான். அவன் பிரெஞ்சில் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "நான் சொல்ல வாய் திறக்க முன்னம் இவ தூக்கிட்டா எண்டு சொல்லுறான்."

"அப்ப ஆசை வரேல்லையே?" என்று கேட்டேன்.

"வந்தது அப்பா. சரியாய் வந்தது. அதாலைதான் ஒரு நிமிசம் முந்தியே தூக்கினனான்."

நான் அந்த விமானத்திலேயே அவளோடு பாரிஸுக்குத் திரும்பினேன். அதுதான் உங்களிடம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று கோசலை சொன்னது உண்மை. ஆனால் கவலையில் அல்ல. வெட்கம் கொஞ்சம் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த ஒரு வரி அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! எழுத்து இப்படி ஆளை அழுத்தும் என்று அஜந்தா எனக்குச் சொல்லித் தரவில்லை.

மிச்சம் எல்லாம் சந்தோஷம்தான். நடந்ததை உங்கள் பேர்ளியிடம் கேட்டுவிட்டுக் கரிகாலன், "என்ன அண்ணை, மகளுக்கு இறக்கேலாமல் போட்டுதாமே?" என்றான். "ஓமடா" என்றேன். "நான் கேட்டும் இறக்கேல்லை. அப்பிடிப்பட்ட பிள்ளை அவள்." அவன் தராசைப் பார்த்தான். அன்று கத்தரிக்காய் வாங்கினேன்.

சம்பந்தி, அவள் இறக்கிய சனிக்கிழமைகள் எல்லாம் உங்களுடையவை. வைத்துக்கொள்ளுங்கள். இறக்காத ஒன்று என்னுடையது. அதை நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள். நான் உள்ளே இருந்தேன். இந்த ஒன்றை உங்களுக்குத் தர மாட்டேன்.

உங்களுக்காக அவள் கை அசைவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது குறை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் இவ்வளவு நாளும் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்: வேலியில் நிற்பவர் நீங்கள் என்பதால்தான் அவள் அமைதியாக இறக்குகிறாள். அந்த அமைதியை என்னால் அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. உங்களில் எனக்கு இருந்த எரிச்சல் போகவில்லை. வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது.

வேலிக்காவது வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "வாங்கோ. ஆனால் எந்தச் சனிக்கிழமை எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ" என்றாள்.

ஆகவே ரயிலில் வருகிறேன். எப்போது வருகிறேன் என்று இதில் எழுத மாட்டேன். நீங்கள் அவளிடம் உளறிவிடுவீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நில்லுங்கள். வேலிக் கம்பியில் நல்ல பக்கம் எனக்கு.

மீன் குழம்பு நான் கொண்டு வருகிறேன். யாருடையதைச் சாப்பிடுகிறாள் என்று பார்ப்போம்.

தவரத்தினம்